மையில் தெரிந்த கை

முதலில் என்னைத் திருடன் என்று காட்டிக்கொடுத்தவள் சண்முகவடிவு. அப்போது அவளுக்கு ஆறோ ஏழோ வயசு. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் ஓட்டை தெரியும். இப்போது கரும்பலகைக்கு முன்னால் மாம்பழ நிறச் சேலையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நிற்கிறாள். பல்லெல்லாம் வரிசையாக முளைத்துவிட்டன. நான் கடைசி பெஞ்சில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போக முடியாது. பிள்ளை இப்போதுதான் கண் அயர்ந்தாள். அசைந்தால் விழிப்பாள், விழித்தால் வீறிடுவாள், வகுப்பே திரும்பும், சண்முகவடிவும் நிமிர்ந்து பார்ப்பாள். ஆகவே கல் மாதிரி இருக்கிறேன். வலது கை பிள்ளையின் துண்டுக்கு அடியில் கிடக்கிறது. நான் அதை அங்கே வைக்கவில்லை, அதுவாகப் போய் ஒளிந்துகொண்டது. எதையும் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், கைக்கும் தெரியும், பிறகு ஏன் ஒளிகிறது? முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் என்னைக் கேட்காமல் ஒளிந்துகொள்கிறது. கதவில் ஒட்டியிருந்த தாளில் அவள் பேரைப் பார்த்தபோதே திரும்பியிருக்க வேண்டும். நான் அஞ்சாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ச, ண், மு, க என்று நான் கூட்டி முடிப்பதற்குள் செண்பகம் பிள்ளையை என் கையில் கொடுத்து, "மாமா, உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க, வராண்டால வெயில் அடிக்கி" என்று உள்ளே கூட்டிவந்துவிட்டாள். செண்பகம் என் மருமகள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இவள் தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் இந்தப் பள்ளிக்கூடத்தில் நேரில் வந்து பாடம் கேட்க வேண்டும். பிள்ளை பால்குடி மறக்கவில்லை. என் வீட்டுக்காரி வேலம்மாள் இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், நான் வந்திருக்கிறேன். பேர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றா, நாட்டில் எத்தனை சண்முகவடிவு என்றுதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்புறம் அவள் புத்தகத்தைத் தூக்கி, இடது கண்ணைச் சுருக்கி, வலது கண்ணை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். வெற்றிலைக்குள் அப்படித்தான் பார்த்தாள். அந்தச் சுருக்கத்தை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

கதை துப்பறிகிற கதை. பஸ்ஸில் வரும்போதே செண்பகம் சொன்னாள், பழைய காலத்துக் கதையாம், வெள்ளைக்காரன் ஊரில் ரொம்பப் பேர் படித்ததாம், பரீட்சைக்கு இதிலிருந்து பெரிய கேள்வி ஒன்று கட்டாயம் வருமாம். ஒரு பெரிய பங்களா. அதில் ஒரு பணக்காரக் கிழவி. கிழவியின் முத்துமாலை காணாமல் போகிறது. வீடு நிறைய விருந்தாளிகள். வெளியே பனி. சண்முகவடிவு பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் சொல்கிறாள், தமிழ் வருகிற இடத்தில் எல்லாம் என் காது போய் உட்கார்ந்துகொள்கிறது, கேட்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன். "க்ளூ. தமிழ்ல என்ன சொல்லுவோம்? துப்பு. துப்பு கிடைச்சாத்தான் ஆளப் பிடிக்க முடியும்." துப்பு என்றதும் பெஞ்சில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குத் துப்பு என்றால் அக்கா புருஷன், அத்தான் வாய்தான் ஞாபகம் வருகிறது. துப்புக்கெட்ட பயல். அத்தான் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட அதிகம். சொல்லிவிட்டு வெற்றிலை எச்சிலைச் சுவரோரம் துப்புவார். அதுவும் துப்பு. சின்னச் சொல், அதற்குள் இத்தனை ஆட்கள். மேலே ஃபேன் டக் டக் என்று ஒரு இடத்தில் தட்டிக்கொண்டே சுற்றுகிறது. மூன்றாவது பெஞ்சில் மீசை வைத்த ஒருத்தர், செண்பகம் முன்னமே சொல்லியிருக்கிறாள், ஏட்டு காளிராஜ், பட்டம் வாங்கினால் மேலே போகலாம் என்று படிக்க வருகிறவர், கையைத் தூக்கிவிட்டு, "மேடம், பங்களாவுல களவு போனா மொதல்ல தோட்டக்காரனத்தான் தூக்குவோம். எங்களுக்கு இம்புட்டுப் பக்கம் தேவைப்படாது" என்றார். வகுப்பு சிரித்தது. சண்முகவடிவு, "அதனாலதான் சார் உங்களப் பத்தி யாரும் நாவல் எழுதல" என்றாள். இன்னும் பெரிதாகச் சிரித்தது. ஏட்டும் சிரித்தார். செண்பகம் திரும்பி என்னைப் பார்த்து, நானும் சிரிக்கிறேனா என்று பார்த்து, சிரித்தாள். நானும் பல்லைக் காட்டினேன். எனக்குச் சிரிப்பு என்றாலே பயம். சிரித்துத்தான் மாட்டினேன். அதைத்தான் யாரிடமும் சொன்னதில்லை, வேலம்மாளிடம்கூட. அந்தக் கதையில் உண்மையிலேயே தோட்டக்காரனைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பானாம். அன்று சாயங்காலம் மாடி ஜன்னலில் நின்ற சின்னப் பிள்ளை ஒன்று, பனிக்குள் ஒரு ஆள் தாங்கித் தாங்கிப் போனதைப் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறது.

மடி சூடாகிறது. பிள்ளை ஒன்றுக்குப் போய்விட்டாள். வேட்டி நனைந்து தொடையில் ஒட்டுகிறது. இப்போது இன்னும் எழுந்திருக்க முடியாது. ஈர வேட்டியோடு எழுந்து நின்றால் என்ன நினைப்பார்கள், பிள்ளை செய்தது என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? அவள் காட்டிக்கொடுத்த அன்றைக்கு நான் புது வேட்டி கட்டியிருந்தேன். அக்கா மகளுக்குச் சடங்கு. நான்தான் தாய்மாமன். தாய்மாமனுக்கு மாலை உண்டு, முதல் தண்ணீர் உண்டு, மணையில் இடம் உண்டு. ஆனால் சீர்த் தட்டைத் தூக்கிவருகிறவனைத் தட்டை வைத்துத்தான் மதிப்பார்கள். நான் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தேன், என் சக்திக்கு ஒரு சேலை, ஒரு தட்டுப் பழம், ஒரு தட்டு மிட்டாய். "மிட்டாய் நிறைய இருக்கு, மத்தது எங்க?" என்று ஒரு பொம்பளை கேட்டாள், யார் என்று பார்க்கவில்லை, குரல் மட்டும் இருக்கிறது. காலையில் நான் பந்தல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது சண்முகவடிவு வந்தாள். அத்தானின் தம்பி மகள். ஒட்டிக்கொள்கிற பிள்ளை. என் தட்டிலிருந்தே ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தேன். மடியில் ஏறி உட்கார்ந்து, ஓட்டைப் பல்லில் கடிக்க முடியாமல் சப்பிக்கொண்டே என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பாகு கொட்டி வெந்த இடம், தோல் வெளுத்துப் பளபளவென்று இருக்கும். "மாமா, இது என்ன?" "பாகு சுட்டது." "பாகு இனிக்கும்லா?" "இனிக்கும். சுடவும் செய்யும்." அவளுக்கு அது பெரிய அதிசயமாகப் போய்விட்டது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், நாக்கை நீட்டி ஒரு தரம் நக்கியும் பார்த்தாள், "இனிக்கலையே" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். இதையெல்லாம் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைமேல் கோபம் முழுசாக வரும்போது இது குறுக்கே வந்து நிற்கிறது. கோபத்தை முழுசாகப் படவும் விடாமல், விடவும் விடாமல்.

மத்தியானம் அத்தான் அம்மாவின் சங்கிலியைக் காணவில்லை. கிழவி அழுதாள். ஓடிப்போய்த் தேடினார்கள், நானும் தேடினேன், வைக்கோல் படப்பைக்கூடக் கிளறினேன். சாயங்காலம் அத்தான் பக்கத்து ஊரிலிருந்து மை போட்டுப் பார்க்கிறவரைக் கூட்டிவந்தார். அப்போதெல்லாம் எங்கள் பக்கம் களவு போனால் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார்கள், போலீஸ் வந்தால் வீட்டுக்குக் கேவலம். மைக்காரர் வந்தால் கேவலம் திருடனுக்கு மட்டும்தான். வெற்றிலையில் கறுப்பு மையை அப்பி, சூடம் ஏற்றி, கால் முன்னால் வந்து பிறந்த பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார். அப்படிப் பிறந்த பிள்ளைக்குத்தான் மை தெரியும் என்பார்கள். சண்முகவடிவு அப்படிப் பிறந்தவள். தூக்கி உட்காரவைத்தார்கள். எங்களைச் சுற்றிலும் சடங்குக்கு வந்த ஜனம். "நல்லாப் பாரு பாப்பா. கூட்டுறவன் வந்து எடத்தக் கூட்டுறானா?" அவள் ஒரு கண்ணைச் சுருக்கி, "ம்" என்றாள். "தண்ணி தெளிக்கானா?" "ம்." "நாற்காலி போட்டாச்சா?" "ம்." "அனுமாரு வந்து உக்காந்துட்டாரா?" "ம்." எல்லாவற்றுக்கும் ம். அதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். "சங்கிலிய எடுத்தவன் வாரானா?" "ம்." "ஆம்பளையா?" "ம்." "அவன் கையப் பாரு. கையில என்ன தெரியுது?" இதற்கு ம் சொல்ல முடியாது. அவள் யோசித்தாள். வெற்றிலையிலிருந்து தலையைத் தூக்காமல் யோசித்தாள். பிறகு சொன்னாள், "கையில வெள்ளையா இருக்கு." கையில் வெள்ளையாய். கையில் வெள்ளையாய். அவள் பேரைச் சொல்லவில்லை. மாமா என்றுகூடச் சொல்லவில்லை. கையில் வெள்ளையாய் என்றதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்றால், அட, பிள்ளை என்னை ஞாபகம் வைத்திருக்கிறதே என்றுதான். அத்தனை ஜனத்துக்கு நடுவில் என் கையைச் சொல்கிறதே என்று. நான் சிரித்துவிட்டேன். சந்தோஷமாகச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு வாயில் இருக்கும்போதே எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. "சிரிக்கான் பாரு" என்று ஒருத்தன் சொன்னான். சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மூடினால் குற்றம், மூடாவிட்டால் திமிர். இன்றைக்கு வரைக்கும் கண்ணாடியில் முகம் மழிக்கும்போது அந்த வாய் வந்துவிடும்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லுதா?" சண்முகவடிவு கேட்கிறாள். ஒரு நொடி என்னைத்தான் கேட்கிறாள் என்று உடம்பு தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை மடியில் புரண்டு மறுபடி அடங்கினாள். இல்லை, கதைப் பிள்ளையைக் கேட்கிறாள், ஜன்னலில் நின்ற பிள்ளையை. "யோசிச்சுச் சொல்லுங்க. வெளிய பனி. மாடில இருந்து பாத்தா கை கால் தெரியாது. அப்ப எப்படித் தாங்கித் தாங்கி நடந்ததப் பாத்தா?" ஏட்டு, "பொய் சாட்சி மேடம், யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றார். இன்னொரு பையன், "சின்னப் புள்ள தெய்வம் மேடம், பொய் சொல்லாது" என்றான், அதற்கும் சிரித்தார்கள். செண்பகம் எழுந்தாள். இவள் ஏன் எழுந்திருக்கிறாள், உட்காரு தாயி. "பொய்யும் இல்ல மேடம், நெசமும் இல்ல. பெரியவங்க எல்லாம் சுத்தி நின்னு கேக்காங்க. என்னத்தையாச்சும் சொன்னாத்தான் விடுவாங்க. அந்தப் பிள்ளைக்கு அந்த வீட்டுல நல்லாத் தெரிஞ்ச நடை அந்தத் தோட்டக்காரன் நடைதான். அதச் சொல்லிருச்சு." ஃபேன் டக் டக். சண்முகவடிவு புத்தகத்தை மூடி, நடுவில் விரலை வைத்துக்கொண்டு, "நடை எப்படி நல்லாத் தெரியும்?" என்றாள். "அவன் பிள்ளைகிட்ட பிரியமா இருந்திருப்பான் மேடம். முன்னாடி ஒரு பக்கத்துல பூ பறிச்சுக் குடுக்கான்லா." சண்முகவடிவு ஜன்னல் பக்கம் பார்த்தாள், வெளியே வேப்பமரத்தில் ஒன்றுமில்லை. "நல்ல பதில்" என்றாள், "இத எழுதினா மார்க் உண்டு" என்றாள். அப்புறம், "அந்த வயசுல சொன்னது வளந்த பிறகு ஞாபகம் இருக்காது" என்றாள். இருக்காது என்று எப்படிச் சொல்கிறாய்? யார் சொன்னது? புத்தகத்தில் போட்டிருக்கிறதா? புத்தகமும் மைதானே. வெள்ளைத் தாளில் கறுப்பு மை. அன்றைக்கும் ஒரு கண்ணைச் சுருக்கி மையைப் பார்த்துச் சொன்னாய், சுற்றி நின்றவர்கள் நம்பினார்கள். இன்றைக்கும் மையைப் பார்த்துத்தான் சொல்கிறாய், பேனாவை எடுத்து எழுதிக்கொள்கிறார்கள். செண்பகமும் எழுதிக்கொள்கிறாள். என் வீட்டில், என் பேரனோ பேத்தியோ நாளைக்குப் படிக்கும் நோட்டில், ஞாபகம் இருக்காது என்று ஏறிவிட்டது.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. யாரும் சோதிக்க வரவில்லை, நானாகத்தான் மடியை அவிழ்த்து உதறினேன். சோதிப்பதற்கு முன்னால் உதறினால் நம்புவார்கள் என்று. காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது. பிரிந்து இரண்டு அதிரசம் உருண்டது. அக்காதான் கொடுத்தாள். வேலம்மாள் அப்போது மாசமாக இருந்தாள், வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று நான் சொன்னதற்கு அடுப்படியில் வைத்து அக்காவே கட்டிக் கொடுத்தாள், மாமியார் பார்க்காமல் கொண்டுபோடா என்று. "சங்கிலியக் கேட்டா அதிரசத்த உதுக்கானே!" என்று ஒருத்தன் கத்தினான். அந்தச் சிரிப்பு இருக்கிறதே. திருடன் என்று அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அக்கா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். நான் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் பக்கத்தில் நின்றாள், அதனால் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், தெரிந்து என்ன. அத்தான் என் கழுத்து மாலையைப் பிடித்து இழுத்து, "இந்தத் துப்புக்கெட்ட பயலுக்கா தாய்மாமன் மால போட்டேன்" என்றார். மாலை அறுந்தது. நான் அப்போதும் வலது கையை வேட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அதிரசம் என்பது எனக்குப் பேராகிவிட்டது. அக்கா ஊருக்குப் போவதையே விட்டேன். சில வருஷம் கழித்துக் கோவில்பட்டி டீக்கடையில் அந்த ஊர்க்காரன் ஒருத்தன் வடையைக் கடித்துக்கொண்டே, "உங்க அக்கா வீட்டுல நெல்லுக் குதிர உடைச்சாங்கல்லா, நெல்லுக்கு அடியில கிழவி சங்கிலி கெடந்துச்சாம்" என்றான். நான் "அப்படியா" என்றேன். அப்படியா! அவ்வளவுதான் வாயில் வந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். யாராவது வருவார்கள் என்று இருந்தேன். பொங்கலுக்கு வருவார்கள், மகனுக்குக் காது குத்தும்போது வருவார்கள். வரவில்லை. அக்கா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும், போனேன், தெரு முக்கில் திரும்பும்போதே பந்தலில் ஒரு குரல், மெல்லத்தான், "அதிரசம் வந்தாச்சு" என்றது. சாவு வீட்டில். கோடியைப் போட்டுவிட்டு அக்கா முகத்தைச் சரியாகப் பார்க்காமல் திரும்பினேன். அக்கா போய்விட்டாள், அத்தானும் போய்விட்டார், மைக்காரர் எப்போதோ போயிருப்பார். சொல்வதற்கு மிச்சம் இருப்பது இந்த மாம்பழச் சேலைதான். ஒரே ஒரு வார்த்தை, அது நீங்க இல்ல மாமா என்று. செண்பகம் காதில் விழும்படி சொல்ல வேண்டும், அவள் மூலம் மகனுக்கும் போக வேண்டும். ஆனால் அதைச் செண்பகம் கேட்டால், எது நீங்கள் இல்லை என்று கேட்பாள். திருடவில்லை என்று சொல்ல வேண்டுமானால் திருடன் என்று சொன்னதை முதலில் சொல்ல வேண்டும். வீட்டுப் பீரோ சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படிக்கப் போகிற பிள்ளை. அப்புறம் ஒரு நாள் மோதிரத்தைக் காணோம் என்று தேடும்போது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி என் கையைப் பார்ப்பாள். அந்த நொடி எனக்கு வேண்டாம். சொல்லிவிடு. சொல்லிவிடாதே. ஈரம் இப்போது குளிர்ந்துவிட்டது.

மணி அடித்தது. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. பிள்ளை விழித்துக்கொண்டாள், ஆனால் கத்தவில்லை, ஃபேனைப் பார்த்தாள். வாசல் என் பக்கம்தான். எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள், ஏட்டு பிள்ளை கன்னத்தைத் தட்டிவிட்டு, "என்னம்மா, களவாணியப் பிடிச்சிட்டியா?" என்று போனார். செண்பகம் பையை எடுத்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே சண்முகவடிவு. "மேடம், இது எங்க மாமா. இவுகதான் பிள்ளையப் பாத்துக்கிடுதாக. இல்லைன்னா நான் படிச்சாப்புலதான்." சண்முகவடிவு என்னைப் பார்த்து வணக்கம் வைத்தாள், யாருக்கும் வைக்கிற வணக்கம். எனக்குத் தாடி நரைத்துவிட்டது, கன்னம் ஒட்டிவிட்டது, தெரியவில்லை. தெரியவில்லை என்று நெஞ்சு இறங்கியது, தெரியவில்லையா என்று அதே நெஞ்சு ஏறியது. பதிலுக்குக் கும்பிட வேண்டும், இரண்டு கை வேண்டும், நான் தலையை மட்டும் ஆட்டினேன். மரியாதை தெரியாத கிழவன் என்று நினைத்திருப்பாள். அவள் குனிந்து, "கிளாஸ்ல ரொம்ப நல்ல பிள்ளை இதுதான். ஒரு கேள்வி கேக்கல" என்று பிள்ளைக்கு விரலை நீட்டினாள். பிள்ளை விரலைப் பிடிக்கவில்லை. துண்டைப் பிடித்து இழுத்தாள்.

கை வெளியே வந்தது. உள்ளே இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், இழுக்கவில்லை. வயசானால் தோல் எல்லா இடமும் கறுக்கிறது, அந்த இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. சண்முகவடிவு அதைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இடது கண் சுருங்கியது. இரண்டு வரிசைப் பல்லும் தெரிகிற மாதிரி இருந்த வாய் மெல்ல மூடியது. நான் ஃபேன் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "பாகு சுட்டதா?" என்றாள். அடுப்பு சுட்டதா என்று கேட்கவில்லை, எண்ணெயா வெந்நீரா என்று கேட்கவில்லை. "ஆமா" என்றேன். செண்பகம், "எப்படி மேடம் கரெக்டாச் சொல்லுதீங்க? மாமா அந்தக் காலத்துல கடலைமிட்டாய் கம்பெனிலதான் இருந்தாக. நீங்களே ஒரு டிடெக்டிவ்தான் போங்க" என்று சிரித்தாள். சண்முகவடிவு சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ஒன்று ஏறி வந்தது, எனக்கு அது தெரியும், என் முகத்தில் முப்பது வருஷமாக இருப்பது அதுதான். அதை அங்கே பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். சந்தோஷமாக இல்லை. அவளுக்காகவும் நானே வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகும் நான் விடவில்லை. இந்த இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கேட்டேன். "டீச்சர், அந்தத் தோட்டக்காரன்கிட்ட கடைசியில யாராச்சும் வந்து சொல்லுதாங்களா? நீ எடுக்கலன்னு?"

செண்பகம் ஆச்சரியமாகத் திரும்பினாள். "மாமா, நீங்க கதை கேட்டுக்கிட்டா இருந்தீங்க!" சண்முகவடிவு கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள், அட்டையைத்தான் பார்த்தாள், பிரிக்கவில்லை. வராண்டாவில் யாரோ மேடம் மேடம் என்று கூப்பிட்டார்கள், கையெழுத்து வேண்டுமாம். நான் காத்துக்கொண்டிருந்தேன், பிள்ளை காலால் என் வயிற்றை உதைத்தாள். "அவன் அதுக்கப்புறம் கதையில வரல" என்றாள். பிறகு, ரொம்ப மெல்ல, "அது பரீட்சைக்கு வராது மாமா" என்றாள். மாமா என்றாள். செண்பகம் அதை மரியாதைக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டாள். சண்முகவடிவு குனிந்து, கீழே சரிந்திருந்த துண்டை எடுத்து, பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, என் வலது கையையும் சேர்த்து மூடினாள். கையெழுத்து கேட்டவர்கள் பக்கம் போனாள். போகும்போது திரும்பவில்லை. செண்பகம், "எந்திரிங்க மாமா, பஸ் போயிரும். ஐயையோ, வேட்டியெல்லாம் நனைச்சு வச்சிருக்காளே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மடி காலியானது. துண்டு மட்டும் கையின்மேல் கிடந்தது. நான் எழுந்து, அதைக் கையோடு சுற்றிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தேன். கொஞ்ச தூரத்தில் சண்முகவடிவு முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல வேண்டியது இன்னும் அவள் வாயில்தான் இருக்கிறது.